கல்லறையில் இல்லாத பேர்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். தண்ணீர் சுட வைத்தேன். இரண்டு புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். ஆறு கரண்டி பால்மாவு, நூற்றெண்பது மில்லி தண்ணீர். காபிச் செம்பை அடுப்பில் வைத்தேன். நுரை எழும்பும் நேரத்தில் பிள்ளை அழுதான். காபி பொங்கி வழிந்தது. துடைத்தேன். டயப்பர் மாற்றினேன். அவன் புட்டியைக் குடித்து முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. தோளில் போட்டுத் தட்டினேன். ஏப்பத்தோடு கொஞ்சம் பாலும் வந்தது. சட்டையை மாற்றிக்கொண்டேன்.

ஆறரைக்கு மாமியார் ஸம்பேத்தா வந்தார். எட்டு மாதமாக எல்லாக் காலையும் இதுதான்.

மாமியாருக்கு ஐம்பத்திரண்டு வயது. துறைமுகத்துக்குப் பின்தெருவில் பார்லர் வைத்திருக்கிறார். மகள் இறந்த நாளிலிருந்து கறுப்பு உடை. அந்தக் கறுப்போடு நின்று மற்றப் பெண்களின் தலைக்குச் செம்பட்டைச் சாயம் பூசுகிறார். பகலில் பிள்ளை அங்கேதான் இருப்பான், சாயப் புட்டிகளுக்கு நடுவே ஒரு கூடையில்.

"என் ராசா எப்படித் தூங்கினான்?"

"ரெண்டு தடவை எழுந்தான்."

"நீ?"

"நானும்."

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானத்துக்கு இன்னும் மூணே நாள். வேலை விட்டதும் நேரா கடைக்கு வா. உங்கப்பாவும் வர்றார். பேரை இன்னிக்கு முடிச்சிடணும்."

"அது முடிஞ்ச விஷயம்தானே, அத்தை."

"எது முடிஞ்சது? யார் முடிச்சது?"

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிரேக்க நாட்டின் வடக்கே எங்கள் தாஸோஸ் தீவில் ஞானஸ்நானம் ஆகும்வரை பிள்ளையைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாப் பிள்ளையும் பாப்பாதான். தலைமகன் என்றால் தகப்பனின் தகப்பன் பேர். இதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. என் அப்பா பஸ்காலிஸ். அவருடைய தாத்தா பஸ்காலிஸ். அந்தத் தாத்தாவின் தாத்தாவும் பஸ்காலிஸ். பொத்தாமியா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பேரில் இரண்டு சலவைக்கல் இருக்கிறது. மூன்றாவதற்கு அப்பா இடம் பார்த்து வைத்திருக்கிறார். நான் தியமந்திஸ். என் தாத்தாவும் தியமந்திஸ். ஒன்று விட்டு ஒன்று.

இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் யாராவது வயதாகாமல் இறந்துவிட்டால், அடுத்து ஞானஸ்நானம் பெறும் பிள்ளைக்கு அந்தப் பேர். பேரை உயிர்ப்பிப்பது என்பார்கள். என் மனைவி ஸ்மாரோவின் முழுப்பேர் ஸ்மராக்தா. ஆண்பிள்ளைக்கு ஸ்மராக்தோஸ். ஆக என் மகனுக்கு இரண்டு பேர் காத்திருந்தன. ஒன்று இன்னும் சாகாதவருடையது. மற்றது செத்தவளுடையது.

மூன்றாவது பேர் ஸ்மாரோ தேர்ந்தது. அவள் பள்ளியில் பண்டைய மொழியும் வரலாறும் சொல்லிக்கொடுத்தாள். ஆறாம் மாத வயிற்றோடு சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆந்த்ரோஸ்தெனிஸ்," என்றாள்.

"யாரது?"

"நம்ம பையன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒருத்தன் இல்ல, ஏழெட்டுப் பேர் இருக்காங்க அந்தப் பேர்ல. நம்ம தீவுக்காரன் ஒருத்தன் அலெக்சாந்தர் கப்பல்படையில பாரசீகக் கடல் வரைக்கும் போனான். அங்க ராத்திரியானா இலையை மூடிக்கிற மரம் ஒண்ணைப் பாத்து எழுதி வச்சான். புளியமரமாம். ஒருத்தன் ஆர்க்காதியா மல்லன், ஒலிம்பியாவுல ரெண்டு தடவை ஜெயிச்சவன். ஒருத்தன் சிற்பி. டெல்ஃபி கோயில் வேலையை ஆரம்பிச்ச ஆள் பாதியில செத்துட்டான், இவன் போய் மிச்சத்தைச் செதுக்கினான். ஒருத்தன் கொரிந்துல படைத்தலைவன். நல்லா உதை வாங்கினான். இன்னொருத்தன் தெஸ்ஸாலியில, சீசரே வாசல்ல வந்து நின்னப்போ கோட்டைக் கதவைச் சாத்தினான்."

"அப்புறம்?"

"பொழுது சாயறதுக்குள்ள ஊர் காலி."

"நல்ல பேர்தான் போ."

"நல்ல பேர்தான். ஜெயிச்சவனும் இருக்கான், தோத்தவனும் இருக்கான். ஒருத்தனுக்கும் சொந்தமில்ல. இவன் அதுல எவன் மாதிரி வேணாலும் ஆகலாம், எவன் மாதிரியும் ஆகாம இருக்கலாம். உங்கப்பா பேரை வச்சா, பொறக்கும்போதே அவனுக்கு வேலை ரெடியா இருக்கும். செத்தவங்களைத் தூக்கிட்டு நடக்கிற வேலை."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா பேரை விடுவது அவரை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது போல என்றேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மறுபடி வாதாடினேன். அவள் உள்ளே இருந்தபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு கட்டத்தில் என்னிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. சரி என்றேன்.

"தண்ணி சத்தத்துல கேக்கல."

"சரி!" என்று கத்தினேன்.

பிள்ளை பிறந்து பதினோராம் நாள் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சுத் திணறியது. தீவில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. ஆம்புலன்ஸைக் கப்பலில் ஏற்றினோம். நாற்பது நிமிடக் கடல். அக்கரை சேர்வதற்குள் நினைவு போய்விட்டது. கவாலா ஆஸ்பத்திரியில் அது திரும்பவில்லை. மாமியார் அடுத்த கப்பலில் வந்தார். அடுத்த கப்பல் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

தோற்றுப்போன வாதத்தை, எதிராளி இல்லாத நேரம் பார்த்து ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை. என் காரணம் இவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை, நான் வேலை பார்க்கும் சலவைக்கல் குவாரியில் மூன்று பாளங்களுக்கு அளவு எடுத்தேன். நான்கு மணிக்குப் பார்லருக்குப் போனேன்.

அப்பா ஏற்கெனவே வந்திருந்தார். பெண்கள் உட்காரும் சுழல் நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாடிக்கைக்காரி அமெர்ஸா அக்கா தலைமுடி காயவைக்கும் கூண்டுக்குள் தலையை விட்டிருந்தார். கூண்டின் இரைச்சலில் அவருக்குக் காது கேட்காது என்று எல்லோரும் நினைப்பார்கள். அவருக்கு எல்லாம் கேட்கும். பாதிரியார் எல்பிதியோஸ் அங்கியைச் சுருட்டிப் பிடித்தபடி ஸ்கூட்டரிலிருந்து இறங்கி வந்து வாசலிலேயே நின்றார். பிள்ளை கூடையில் சீப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வாங்க ஃபாதர்."

"வேணாம்மா. உள்ள வந்தா என் தாடிக்கும் சாயம் அடிச்சிடுவே. சீக்கிரம் முடிங்க. எந்தப் பேர்?"

"பஸ்காலிஸ்," என்றார் அப்பா.

"ஸ்மராக்தோஸ்," என்றார் மாமியார். "என் பொண்ணு மண்ணுக்குள்ள இருக்கா. உங்களுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க. உயிரோட இருக்கிறவருக்கு எதுக்கு இன்னொரு பஸ்காலிஸ்?"

"நான் சாகிற வரைக்கும் காத்திருக்கச் சொல்றியா சம்பந்தி?"

"ரொம்ப நாள் ஆகும்னா வேணாம்."

கூண்டுக்குள்ளிருந்து அமெர்ஸா அக்கா சிரித்தார்.

"பிள்ளையோட அப்பாவைக் கேப்போம்," என்றார் பாதிரியார். "நீ சொல்லுப்பா, தியமந்திஸ்."

"ஆந்த்ரோஸ்தெனிஸ்."

பிள்ளை சீப்பால் கூடையைத் தட்டினான்.

"யாருடா அவன்?" என்றார் அப்பா.

சொன்னேன். கடலோடி, மல்லன், சிற்பி, தோற்றவன், கதவைச் சாத்தியவன். ஸ்மாரோ சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை. பட்டியல் வாசிப்பது போல வந்தது.

"சாப்பிட வாடான்னு கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள சூப்பு ஆறிடும்டா."

"மூடி வைப்போம்ப்பா."

"ஊரைப் பறிகொடுத்தவன் பேரை வைக்கிறேங்கிற. தோத்துப்போனவன் பேரை. உனக்கு வெக்கமா இல்ல?"

"சீசருக்குக் கதவைச் சாத்தினது என்ன பெரிய விஷயம்?" அமெர்ஸா அக்கா கூண்டுக்குள்ளிருந்து கத்தினார். "எங்க வீட்டுக்காரருக்கு நான் வாரத்துக்கு ரெண்டு தடவை சாத்தறேன். என் பேரை யாரு வைக்கிறா?"

"நீ பேசாம தலையைக் காயவிடு," என்றார் மாமியார்.

பாதிரியார் தாடியைத் தடவினார். "என் காலண்டர்ல அந்தப் பேர்ல புனிதர் யாரும் இல்லப்பா. பேர்த் திருநாள் எப்போ கொண்டாடுவான்? ஒண்ணு செய்வோம். சேத்து வைப்போம். ஆந்த்ரோஸ்தெனிஸ்-பஸ்காலிஸ்-ஸ்மராக்தோஸ். எல்லாருக்கும் திருப்தி."

"அவன் பையன் ஃபாதர். ரயில் இல்ல," என்றேன்.

"திமிரைப் பாரு," என்றார் அப்பா. ஆனால் அந்தக் குரலில் பாதி பலம் குறைந்திருந்தது. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ சொன்னாளா?"

"எதை?"

"கடைசியா. கப்பல்ல. இந்தப் பேரைத்தான் வைக்கணும்னு சொன்னாளா? சொன்னான்னு சொல்லு. நான் வாயை மூடிக்கிறேன். கடைசி வாக்குக்கு மேல எங்கப்பாவும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்."

"நானும் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றார் பாதிரியார். "கடைசி விருப்பம்னா அது வேற."

மாமியார் கையை நீட்டிக் கூண்டின் ஸ்விட்சை அணைத்தார். இரைச்சல் நின்றது. அமெர்ஸா அக்கா தலையை வெளியே எடுத்தார். நான்கு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

ஒரு 'ஆமாம்' போதும். பேர் கிடைத்துவிடும். சண்டை முடிந்துவிடும். ஆனால் அது அவள் சாவின் பேராகிவிடும். பையன் பள்ளிக்கூடம் போவான். இதென்ன பேர் என்று யாராவது கேட்பார்கள். அம்மா சாகும்போது வைத்தது என்று யாராவது சொல்வார்கள். அப்புறம் வாழ்நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடப்பான். அவள் பீன்ஸ் கிள்ளும்போது வைத்த பேர் அது.

"இல்ல," என்றேன். "கடைசியா அதைச் சொல்லல."

அப்பா தொப்பியைத் தலையில் வைத்தார். "அப்போ பஸ்காலிஸ்."

"இல்லப்பா."

"எதை வச்சுடா இல்லங்கிற?"

"நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சோம். அவ நல்லா இருந்தப்போ. சண்டை போட்டு வச்சோம், நான் உங்க பக்கம் நின்னு தோத்தேன். நான் அவனோட அப்பா. அது போதும்."

"போதாது."

"போதும்ப்பா."

அப்பா எழுந்தார். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது. "ஞானஸ்நானத்துக்கு என் எண்ணெய் கிடையாது. என் காலும் கோயில் வாசல் மிதிக்காது. எவன் பேரை வைக்கிறியோ அவன்கிட்டப் போய் எண்ணெய் கேளு."

அவர் போன பிறகு மாமியார் என் அருகில் வந்தார். கையில் சாயத் தூரிகை இருந்தது.

"அப்போ என்னதான் சொன்னா?"

நான் குனிந்து பிள்ளையிடமிருந்து சீப்பை வாங்கினேன். அவன் அழ ஆரம்பித்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். எட்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லல நீ. என் பொண்ணுடா அவ."

"வீட்டுக்குப் போறேன், அத்தை."

"போ. கல்லு அறுக்கிற இடத்துல வேலை பாத்துப் பாத்து நீயும் அப்படியே ஆயிட்டே."

ஞானஸ்நானத்துக்கு எண்ணெய் கொண்டுவருவது ஞானத்தாய் பொறுப்பு. ஞானத்தாய் ரல்லூ, ஸ்மாரோவோடு பள்ளியில் வேலை பார்த்தவள். அப்பாவின் மரங்களிலிருந்து எண்ணெய் வரும் என்று நம்பி இருந்தாள். இப்போது கடையில் வாங்கினாள். இருநூறு ஒலிவ மரம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு லேபிள் ஒட்டிய புட்டி. தீவில் இப்படி ஒரு குடும்பம் இதுவரை செய்ததில்லை என்று வெள்ளிக்கிழமைக்குள் ஊர் பேசியது.

சனிக்கிழமை ரல்லூ தலை அலங்காரத்துக்கு மாமியாரிடம் போனாள். இரண்டு மணி நேரம். மாலையில் எனக்குப் போன் செய்தாள்.

"உன் மாமியார் என் தலையைக் கையில வச்சுக்கிட்டுப் பேசினாங்க தியமந்திஸ். ஒரு கையில கத்திரி. நான் எங்க எழுந்து ஓடறது?"

"என்ன சொன்னே?"

"ம்-ம்-னு கேட்டுக்கிட்டேன். அழுதாங்க. நானும் அழுதேன். கோயில்ல அவ பேரு ஒரு தடவை ஒலிக்கணும், அவ்ளோதான் கேக்கறேன்னாங்க."

"நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"எனக்கு இன்னும் கண்ணுல அந்தம்மா முகமே நிக்குது," என்றாள். வைத்துவிட்டாள்.

பாதிரியார் கேட்கும்போது ஞானத்தாய் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பேர். பிறகு ஆயிரம் காகிதத்தில் மாற்றி எழுதினாலும் ஊர் அந்த முதல் பேரைத்தான் கூப்பிடும்.

ஞாயிறு பதினோரு மணி. வெயில். எங்கள் வழக்கப்படி பேர் சொல்லப்படும்வரை தாய் கோயிலுக்குள் போகக் கூடாது. வெளியே நிற்பாள். பேர் காதில் விழுந்ததும் குழந்தைகள் முண்டியடித்து ஓடிவந்து அவளிடம் சொல்வார்கள். இப்போதெல்லாம் பலர் இதைப் பார்ப்பதில்லை. நான் வெளியே நின்றேன்.

அமெர்ஸா அக்கா வாசலில் தடுத்தார். "இங்க என்ன பண்றே? ஆம்பளை நிக்கிற இடமா இது? உள்ள போ."

"இங்கயே நிக்கிறேன்க்கா."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அவர் என் டையை ஒரு இழு இழுத்து நேராக்கிவிட்டு உள்ளே போனார்.

எதிரே காபிக் கடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார். முதுகைக் கோயிலுக்குக் காட்டியபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் சுவர்தான் இருந்தது.

உள்ளே பாட்டு. பிள்ளை அழும் சத்தம். பாதிரியார் குரல். பிறகு யாரோ கத்தியது கேட்டது, என்ன என்று புரியவில்லை. ரல்லூ ஸ்மராக்தோஸ் என்று சொல்லியிருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். எங்கே என்று தெரியவில்லை.

குழந்தைகள் வந்தார்கள். ஐந்தாறு பேர், படிகளில் இடித்துக்கொண்டு. முதலில் வந்தவள் ஒரு பெண். ஒரு கால் செருப்பு வழியில் கழன்றிருந்தது. தாயைத் தேடி இரண்டு பக்கமும் பார்த்தாள். அங்கே நான்தான் இருந்தேன்.

"யாருகிட்ட சொல்றது?" என்றாள் பின்னால் வந்தவர்களிடம்.

"என்கிட்ட சொல்லு."

"ஆந்த்ரோஸ்தெனிஸ்!"

"நிச்சயமா?"

"ஆமா. ஃபாதர் என்ன என்னன்னு மூணு தடவை கேட்டார். மூணாவது தடவை அந்த அக்கா கத்திட்டாங்க. பாப்பா பயந்துபோய் அழுகையை நிறுத்திட்டான்."

பையிலிருந்த சில்லறையை எல்லாம் கொடுத்தேன். அவர்கள் காபிக் கடைப்பக்கம் ஓடிப்போய் அங்கேயும் பேரைக் கத்தினார்கள். அப்பா எழுந்தார். கோப்பையின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்தார். திரும்பிப் பார்க்காமல் துறைமுகப் பக்கம் நடந்தார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசும்வரை நான் போவேன், அவர் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருவேன். பேர் மாறாது.

மாமியார் பிள்ளையோடு படியிறங்கி வந்தார். வெள்ளைத் துண்டுக்குள் அவன் தலை எண்ணெயில் மின்னியது. அவர் கண் சிவந்திருந்தது.

"சரியாப் பிடி. வழுக்குவான்."

வாங்கிக்கொண்டேன். கடை எண்ணெய் வாசம்.

"ஜெயிச்சுட்டே," என்றார். "நீயும் என் பொண்ணுமா சேந்து என்னை ஜெயிச்சிட்டீங்க. சரி. பேரை வச்சுக்க. எனக்கு அந்த ஒண்ணைக் கொடு. நான் அந்தக் கப்பலைத் தவறவிட்டேன். அவ என்ன சொன்னா?"

பேர் முடிந்துவிட்டது, இனிமேல் அவள் கடைசி வார்த்தையை யாரும் பேருக்குக் காரணமாக்க முடியாது. சொன்னேன்.

ஆம்புலன்ஸ் கப்பலின் வண்டித்தளத்தில் நின்றது, அத்தை. காற்றுக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட கப்பல் ஆள் ஒருவன் வந்தான். பயணிகள் வண்டித்தளத்தில் நிற்கக் கூடாது, சட்டம், மேலே போங்கள் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆக்சிஜன் குழாயை விலக்கினாள். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"இவன் எங்கயும் போகமாட்டான். வேணும்னா நீ மேல போ."